மூணு பாயிண்ட் பிரசங்கத்தை விட்டுக் கதையாகவே சொல்லிப் பார்க்க: மத்தேயு 20-ஐ எப்படிக் கட்டுவது?

வாய்க்கால்மேடு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரங்க.

கோபி பக்கம் கிராமத்துச் சபை. ஞாயிறு காலையில் 50, 60 பேர். பாதிப் பேர் கரும்பு வெட்டு, மஞ்சள் வெட்டு, களையெடுப்புன்னு நாள் கூலி. மீதி விசைத்தறி, பனியன் கம்பெனி. பெரியவங்க பலருக்கு எழுத்து தெரியாது. ஐயர் (போதகர்) வராத வாரங்களில் பிரசங்கம் நான்தான்.

இதுவரைக்கும் எல்லாமே மூணு தலைப்புதான். திராட்சத்தோட்ட உவமைன்னா (தோட்டத்துக்காரர் விடியக்காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் பல தடவை ஆள் கூப்பிட்டு, எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்க, முதலில் வந்தவங்க முறுமுறுக்கிற, இயேசு சொன்ன கதை) "அழைப்பு, உழைப்பு, பிழைப்பு", ஒவ்வொன்றுக்கும் நாலு வசனம், கடைசியில் "ஆகவே பிரியமானவர்களே". அதை விட்டுட்டு மத்தேயு 20:1–16-ஐத் தலைப்பே இல்லாம, தொடக்கம் முதல் முடிவு வரை கதையாகவே சொல்லிப் பார்க்கணும். கேள்விகள் இவைதாங்க:

எத்தனை காட்சி, எவ்வளவு நேரம்? "கதை சொன்னீங்க, வசனம் எங்கே?" என்று மூப்பர்கள் (சபைப் பெரியவங்க) கேட்டால் என்ன பதில்? "ஆகவே" இல்லாம எப்படி முடிக்கிறது? நம்ம பக்கத்து உடுக்கடிப் பாட்டு முறையில் எதையாவது எடுத்துக்கலாமா?

---

நொய்யல்கரை பதில்:

நல்ல பகுதியாத்தான் எடுத்திருக்கீங்க. தலைப்பு முறையில் முதல் நிமிஷத்திலேயே முடிவைச் சொல்லிடறோம். கேட்கறவங்களுக்குக் காத்திருக்க ஒண்ணுமே மிஞ்சறதில்லை. இந்த உவமை அதுக்கு நேர் எதிர். 8-ஆம் வசனத்தைப் பாருங்க: கடைசியில் வந்தவங்ககிட்ட இருந்து கூலியைக் கொடுக்கச் சொல்றார். விடியக்காலையில் வந்தவங்களுக்கு முதலில் கொடுத்திருந்தா, பேசின ஒரு பணத்தை வாங்கி மடியில் முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. வாக்குவாதமும் இல்லை, உவமையும் இல்லை. வரிசையைத் திருப்பின இடத்தில்தான் முடிச்சு விழுது. அந்த முடிச்சைக் காப்பாத்தறதுதான் உங்க வேலை. 8-ஆம் வசனத்துக்கு முன்னால் "கிருபை" என்கிற சொல் உங்க வாயில் வரவே கூடாது.

அமெரிக்காவில் பிரசங்கக் கலை கற்பிச்ச பிரெட் கிராடாக் 1971-லும் யூஜின் லோரி 1980-லும் இந்த முறையைப் பத்தி எழுதினாங்க. லோரி சொல்ற வரிசை: கேட்கறவங்களோட சமநிலையைக் குலை, குழப்பத்தை இன்னும் ஆழப்படுத்து, திறவுகோலைக் காட்டு, அப்புறம்தான் நற்செய்தி, கடைசியில் அதனால் என்ன மாறுதுன்னு காட்டு. இந்த உவமைக்கு நாம அதைத் திணிக்க வேண்டியதில்லை. வசனமே அந்த வரிசையில்தான் போகுது.

18 நிமிஷம் போதும். அதை இப்படிப் பிரிச்சுக்குங்க. முதல் 2 நிமிஷம் பேதுரு. உவமை 20-ஆம் அதிகாரத்தில் தொடங்கலை. 19:27-ல் "எங்களுக்கு என்ன கிடைக்கும்" என்று பேதுரு கேட்ட கேள்விக்குப் பதிலாத்தான் வருது. முன்னுரை, வாழ்த்து எதுவும் வேண்டாம். "பேதுரு ஒரு கணக்குக் கேட்டார்" என்று நேரா ஆரம்பிங்க. அடுத்த 5 நிமிஷம் தோட்டத்துக்காரர் ஆள் தேடி வர்றது. அவர் ஐந்து தடவை வர்றார். ஐந்தையும் ஒரே அளவா சொன்னா ஜனங்க தூங்கிடுவாங்க. காலை ஆறு மணியை முழுசா சொல்லுங்க, கூலி பேசி முடிக்கிறது வரைக்கும். ஒன்பது மணியை அதில் பாதி. பன்னிரண்டும் மூணும் ஒரே வாக்கியம். வசனமே அந்த இரண்டையும் அப்படித்தான் தள்ளிக்கிட்டுப் போகுது. அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தனியா 3 நிமிஷம். கூலி கொடுக்கிறதுக்கு 4, முறுமுறுப்புக்கு 3, கடைசி ஒரு நிமிஷம் 15-ஆம் வசனத்துக் கேள்வி, "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்பது.

"மூன்றாம் மணி வேளை", "பதினோராம் மணி வேளை" என்பதை நம்ம கடிகாரத்தில் சொல்லிடுங்க. 9 மணி, 12, 3, 5. நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு சேர்த்துச் சொன்னா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் நேரம் கண்ணில் தெரியும்.

"வசனம் எங்கே" என்கிற கேள்விக்குத் தமிழே வழி வச்சிருக்கு. கதையை ஊர்ப் பேச்சில் சொல்லுங்க. வசனத்தில் உள்ள பேச்சு வரும்போது மட்டும் வேதாகமத் தமிழில், ஒரு எழுத்து மாறாம சொல்லுங்க. "ஏனுங்க, இன்னேரம் வரைக்கும் நிக்கறீங்க" என்று நீங்க கேட்டா அது உங்க பேச்சு. "நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன" என்றால் அது வேதம். நடை மாறும்போதே எது உங்களுடையது, எது வேதத்தினுடையது என்று காது பிரிச்சுக்கும். அப்படி 7 அல்லது 8 வாக்கியம் மனப்பாடமா இருக்கணும். அதில் தட்டுத் தடுமாறினா முறையே விழுந்துடும். மற்றதை மனப்பாடம் பண்ணவே வேண்டாம், ஒப்பிக்கிற மாதிரி ஆயிடும்.

தயாரிப்புக்கு ஒரு வாரம் பிடிக்கும். திங்களும் செவ்வாயும் பகுதியைச் சத்தமா வாசிங்க, ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது. புதன் கிழமை ஒரு உள்ளங்கை அட்டையில் காட்சிக்கு இரண்டு சொல் வீதம் 12 சொல் எழுதுங்க. அதுக்கு மேல எழுதினா கண்ணு அட்டைக்கே போகும். வியாழன் யாரையாவது உக்கார வச்சு, பைபிளை மூடி வச்சுட்டுச் சொல்லுங்க. அவங்க எங்கே "ம்" கொட்டறதை நிறுத்தறாங்கன்னு கவனிங்க. அங்கே நீங்க விளக்க ஆரம்பிச்சிருப்பீங்க. அந்த இடத்தை வெட்டுங்க. வெள்ளி, சனி மறுபடியும் சொல்லி நேரம் பாருங்க. நிமிஷத்துக்கு 90 சொல் வேகம்னா 18 நிமிஷத்துக்கு 1,600 சொல் வரும். மௌனத்துக்கு இடம் வேணும், 1,400-க்கு மேல் தயாரிக்காதீங்க.

கெட்டுப்போற இடங்கள்: நடுவில் "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று ஒரு தடவை சொன்னாலே போதும், கதை செத்துடும்; திரும்ப எழுப்ப முடியாது. அடுத்தது, வசனத்தில் இல்லாத ஆளுக்குப் பேர் வைக்கிறது, வீட்டில் சீக்காளி மனைவி, பசித்த குழந்தைன்னு சேர்க்கிறது. தோளில் துண்டு, கையில் தூக்குப்போசி, இந்த மாதிரி அந்த இடத்தில் நின்ற எவனும் பார்த்திருக்கக் கூடியதைச் சேர்க்கலாம். மனசுக்குள் என்ன நினைச்சாங்கன்னு சேர்க்கக் கூடாது. மூணாவது, ஆளுக்கு ஆள் குரலை மாத்திப் பேசறது. சின்னப் பிள்ளைங்க சிரிக்கும், அப்புறம் அது நாடகம். தோட்டத்துக்காரர் பேசும்போது இடப்பக்கம், கூலிக்காரங்க பேசும்போது வலப்பக்கம் பார்த்தாலே போதும்.

இன்னொண்ணு. சுவிசேஷப் பாடத்தைப் பிரசங்கத்துக்கு முன்னாடியே வாசிச்சுடுவாங்க, முடிவு தெரிஞ்சுடும். ஐயர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கி, 1–7 மட்டும் பாடமா வாசிக்கச் சொல்லுங்க. 8–16-ஐ அதே ஆள், அதே இடத்தில் நின்று, பிரசங்கத்துக்கு நடுவில் வாசிக்கட்டும். முழுப்பாடம் ஆராதனையில் வந்துவிட்டது, ஒழுங்கும் குலையாது.

---

பழைய திருப்புதல் பதில்:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வேதபகுதியைப் பற்றி ஐந்து விஷயம் மட்டும்.

எந்த மொழிபெயர்ப்பு வாசிக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஐந்து மணிக்கு வந்தவர்களிடமும் "நியாயமானபடி கூலி பெற்றுக்கொள்வீர்கள்" என்று எஜமான் சொல்கிறான். திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் இல்லை. "நீங்களும் போங்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. கையெழுத்துப் பிரதிகளில் உள்ள வேறுபாடு இது. கதை சொல்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் கடைசியில் வந்தவர்கள் கூலி பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தோட்டத்துக்குப் போகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும் சபையில் "கூலி பேசாமலே போனார்கள்" என்று அழுத்திச் சொன்னால், பைபிளைத் திறந்து வைத்திருக்கும் மூப்பர் உடனே கண்டுபிடிப்பார். உங்கள் சபைக்கு இப்படிச் சொல்லுங்கள்: முதல் ஆட்களிடம் மட்டும்தான் தொகை பேசப்பட்டது, மற்றவர்கள் "நியாயமானபடி" என்ற ஒரு சொல்லை நம்பிப் போனார்கள். தொகை பேசப்பட்டது முதல் ஆட்களிடம் மட்டும்தான் என்பது இரண்டு மொழிபெயர்ப்பிலும் நிற்கும். 16-ஆம் வசனத்தின் கடைசியில் வரும் "அழைக்கப்பட்டவர்கள் அநேகர்" என்ற வரியும் அப்படியே: பழையதில் உண்டு, புதியதில் இல்லை. அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

13-ஆம் வசனத்துச் "சிநேகிதனே" என்பதைத் தேனாகக் குழைத்துச் சொல்லாதீர்கள். மத்தேயு இந்தச் சொல்லை மூன்றே இடத்தில் வைக்கிறார்: இங்கே, கலியாண வஸ்திரமில்லாமல் வந்தவனிடம் (22:12), காட்டிக்கொடுக்க வந்த யூதாசிடம் (26:50). மூன்றிலும் பேசுகிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது, கேட்கிறவன் தவறியிருக்கிறான். நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொன்னால் சரியாக விழும்.

"வன்கண்ணனாயிருக்கலாமா" என்பதை ஒருமுறை விளக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊரில் கண்ணேறு, திருஷ்டி என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்க்கப் பொறுக்காத கண் அது. இந்த விளக்கத்தைக் கூலி கொடுக்கும் காட்சியிலேயே, அவர்கள் எதிரே இருப்பவன் உள்ளங்கையைப் பார்க்கும்போதே வைத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொல் விளக்கம் வரக்கூடாது.

அடுத்தது, இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஊர்ப் பேச்சில் சொல்கிறோம் என்று தோட்டத்து எஜமானைப் "பண்ணாடி" (பண்ணை முதலாளி) ஆக்கிவிடாதீர்கள். கொங்கு நாட்டில் அந்தச் சொல்லோடு சாதியும் தலைமுறை தலைமுறையான பண்ணையாள் வாழ்க்கையும் சேர்ந்தே வரும். கூலி வேலை செய்யும் சபையார் அந்தச் சொல்லைக் கேட்ட நிமிடத்திலிருந்து உவமையைக் கேட்க மாட்டார்கள். தங்கள் தாத்தா நின்ற களத்துமேடு நினைவுக்கு வரும், கடவுள் அந்தப் பக்கம் போய் நின்றுவிடுவார். "தோட்டத்துக்காரர்" என்ற சொல் போதும். காரியக்காரனைக் "கணக்குப் பார்க்கிறவர்" என்று சொல்லலாம்.

கடைசியாக, முதலில் வந்தவர்கள் யூதர்கள், பிந்தி வந்தவர்கள் நாம் என்று பழைய பிரசங்கப் புத்தகங்களில் இருக்கும். இயேசு இதைச் சொல்வது பேதுருவிடம். முதலில் வந்தவன் இடத்தில் பேதுரு நிற்கிறார், இன்றைக்கு நம் மூப்பர்களும் நிற்கலாம்.

---

வாய்க்கால்மேடு எழுதியது:

ரொம்ப நன்றிங்க ஐயா. பண்ணாடி விஷயம் என் நோட்டில் அப்படியேதான் இருந்தது, அடிச்சுட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகங்க. சபையில் இரண்டு மூணு பேர் தறி போட்டு ஆள் வச்சு ஓட்டறாங்க. "என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்பதைக் கேட்டா, கூலி விஷயத்தில் முதலாளி இஷ்டம்தான்னு வேதமே சொல்லுதுன்னு எடுத்துக்க மாட்டாங்களா?

---

பழைய திருப்புதல் பதில்:

எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்த வாக்கியத்துக்கு முன்பே இரண்டு விஷயங்களைக் கதைக்குள் போட்டு வையுங்கள். ஒன்று, பேசின கூலியில் ஒரு காசும் குறையவில்லை. இஷ்டம் என்பது குறைப்பதற்கு அல்ல, கூட்டிக் கொடுப்பதற்கு. இரண்டு, அன்று சாயங்காலமே கொடுக்கிறான். லேவியராகமம் 19:13, உபாகமம் 24:15 இரண்டும் கூலியை மறுநாள்வரை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. "பொழுது சாயறதுக்குள்ள கொடுத்தாகணும், அது மோசே எழுதி வச்ச சட்டம்" என்று ஒரே வரியில் கடந்து போங்கள். வார வாரம் கூலிக்குக் காத்திருப்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் அந்த ஒரு வரி போதும்.

ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற வழக்கம் காட்டு வேலையில் இன்னும் இருக்கிறது. "எல்லாருக்கும் ஒரே பணம்" என்ற இடத்தில் பெண்கள் பக்கம் தலைகள் நிமிரும். எதையும் சேர்க்க வேண்டாம். அங்கே இரண்டு விநாடி நில்லுங்கள்.

---

மறையுரை மேடை பதில்:

கத்தோலிக்கத் திருப்பலியில் 18 நிமிடம் கிடைக்காது. 2024 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் மறையுரை (திருப்பலிப் பிரசங்கம்) எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். 2013-ல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் நல்ல மறையுரைக்கு ஒரு கருத்து, ஓர் உணர்வு, ஓர் உருவகம் வேண்டும் என்ற பழைய ஆசிரியர் ஒருவரின் அறிவுரையையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

எட்டு நிமிடத்துக்கு இதே பகுதியை இரண்டு காட்சியாகச் சுருக்கலாம்: ஐந்து மணிக் கூலிச்சந்தை 3 நிமிடம், கூலி கொடுக்கும் நேரம் 4 நிமிடம், கேள்விக்கு ஒரு நிமிடம். எங்கள் வாசக நூலில் இது முதல் ஆண்டு, பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு. முதல் வாசகம் எசாயா 55:6–9, "என் எண்ணங்கள் உங்கள் எண்ணங்கள் அல்ல" என்ற பகுதி. கூலியைப் பார்த்து முணுமுணுக்கும் இடத்தில் அந்த ஒரு வரியை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் இரண்டு வாசகமும் தானாக இணையும். தனி விளக்கம் தேவைப்படாது.

---

காங்கேயம் ரோடு பதில்:

ஒரு எச்சரிக்கை சொல்லணும். இந்த முறை நல்லா போச்சுன்னா வாரா வாரம் இதையே செய்ய ஆசை வரும். செய்யாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

எல்லாப் பகுதிக்கும் இது ஆகாது. உவமைகள், ரூத், யோனா, மாற்கு 5-ல் யவீருவின் மகள், இதெல்லாம் தாங்கும். மாற்கு 5-ல் யவீருவோட அவசரத்துக்கு நடுவில் பன்னிரண்டு வருஷம் பாடுபட்ட ஸ்திரீ குறுக்கே வர்றா; அந்தத் தாமதத்தை யவீருவோட பக்கத்தில் நின்று சொன்னாலே பிரசங்கம் ஆச்சு. ஆனா பவுல் எழுதின ரோமர், கலாத்தியர் மாதிரி நிருபங்களில் (கடிதங்களில்) வாதம் படிப்படியா கட்டப்பட்டிருக்கு. அதைக் கதையாக்கறேன்னு பவுலைச் சிறைச்சாலையில் உக்கார வச்சுப் பேச வச்சா, வாதம் போயிடும், சங்கிலிச் சத்தம்தான் மிஞ்சும். அங்கே வசனம் வசனமா விளக்கறதே சரி. மூணு தலைப்பு முறையும் பாவமில்லை; "அழைப்பு, உழைப்பு, பிழைப்பு" மாதிரி ஓசைக்காக மூணாவது தலைப்பை வசனத்தில் இல்லாத இடத்திலிருந்து இழுத்துட்டு வர்றதுதான் தப்பு. இந்தப் பகுதியில் "பிழைப்பு" எங்கே இருக்கு?

முடிவைப் பத்திக் கேட்டீங்க. உவமை கேள்வியில்தான் முடியுது. முதலில் வந்த ஆள் என்ன பதில் சொன்னான்னு வசனம் சொல்லலை. நீங்களும் சொல்லாதீங்க. கேள்வியைக் கேட்டுட்டு, மனசுக்குள் பத்து எண்ணிட்டு, மேடையை விட்டு இறங்குங்க. ஜெபத்துக்குள்ள மறுபடியும் விளக்கத்தைச் சொருகறது நம்ம ஆட்களோட பழக்கம், "ஆண்டவரே, இந்த உவமையின் மூலம் நீர் எங்களுக்குப் போதித்தது போல" என்று. அதையும் விடுங்க. கேள்வி கேட்கறவங்களுக்குப் புதன் கிழமை வேதபாடம் இருக்கு. அங்கே 20 நிமிஷம் திறந்து வைங்க.

---

உள்ளூர் சவுண்ட் பதில்:

உடுக்கை பத்தி யாரும் சொல்லலை, மைக் பத்தியும் சொல்லலை.

அண்ணன்மார் கதை பாடறவங்ககிட்ட எடுத்துக்க வேண்டியது உடுக்கை இல்லைங்க, பின்பாட்டு. முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னா பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார். அதனால்தான் விடிய விடியக் கேட்க முடியுது. உடுக்கைச் சத்தம் நம்ம பக்கம் சாமி வரவைக்கிறதோட சேர்ந்தது. சபைக்குள்ள கொண்டுவந்தா மூப்பர்கள் எழுந்துடுவாங்க, அப்புறம் பேச்சு உவமையைப் பத்தி இருக்காது, உடுக்கையைப் பத்தித்தான் இருக்கும். ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்க: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." இதைச் சபையார் மூணு தடவை மட்டும் திருப்பிச் சொல்லட்டும். நாலாவது தடவை விளையாட்டு ஆயிடும். முன்வரிசையில் இரண்டு பேருக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க, அவங்க எடுத்தா மற்றவங்க சேர்ந்துக்குவாங்க. பாட்டும் கதையும் மாறி மாறி வர்றது வேணும்னா அதுக்குச் சபைக்குள்ளேயே வழி இருக்கு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே கிறிஸ்தவக் கதாகாலட்சேபம் நடக்குது. ஆனா அதுக்குத் தனி ஆளும் பயிற்சியும் வேணும், 18 நிமிஷத்தில் அடங்காது.

இனி மைக். பாட்டு முடிஞ்சதும் மிக்சரில் எக்கோவை முழுசா மூடச் சொல்லுங்க. எக்கோ இருந்தா உங்க மௌனம் மௌனமா இருக்காது. கடைசிச் சொல் திரும்பித் திரும்பி வந்து இடத்தை நிரப்பிடும். கீபோர்டுக்காரர் பின்னணியில் மெதுவா வாசிக்கவும் கூடாது. வெளியே கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தா, ரகசியம் பேசற மாதிரி குரலைத் தாழ்த்தாதீங்க. கூம்பு கனத்த கீழ்க்குரலை விழுங்கிடும், வாசலில் நிற்கிறவங்களுக்கு வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். தாழ்த்தறதுக்குப் பதிலா வேகத்தைக் குறைங்க. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். இடமும் வலமும் பார்க்கிறீங்கன்னா தலையை மட்டும் திருப்பினா சத்தம் அறுந்துடும்; மைக்கை நடுவில் வச்சுட்டு, வாயை மைக் பக்கமே வச்சுக் கண்ணை மட்டும் திருப்புங்க. சட்டைக் காலரில் மாட்டற மைக் இருந்தா இந்தத் தொல்லை இல்லை, ஆனா பைபிளை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சா உரசும்.

தகர ஷீட் கூரைன்னா மழை பிடிச்சதும் ஒண்ணும் கேட்காது. கத்திக்கிட்டே போகாதீங்க. நின்ன இடத்தில் நிறுத்தி, சபைக்கு மனப்பாடமான கீர்த்தனை ஒண்ணைப் பாட வைங்க. மழை விட்டதும் முதலிலிருந்து ஆரம்பிக்காம, அந்தக் காட்சியோட முதல் வரியிலிருந்து பிடிச்சுக்குங்க.